போலீஸ் பட்டேல் போன கதை

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, அன்பர் ஒருவரின் பேரன் என்னைக் கேட்டான்: "தாத்தா, கிராமத்துக்கு யார் போலீஸ்?" மண்டலத் தலைமையிடத்தில் ஸ்டேஷன் இருக்கிறது, எஸ்.ஐ. இருக்கிறார் என்றேன். "அது பத்து கிலோமீட்டர் தள்ளி. ஊருக்குள்ளே?" என்றான். ஊருக்குள்ளே ஒருவர் இருந்தார். என் கண் முன்னாலேயே அவர் போனார்.

1979-ல் டிப்ளமோவும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக தென் மத்திய ரயில்வேயில் சேர்ந்தேன். காஜிபேட்டை – செகந்திராபாத் மார்க்கத்தில் தண்டவாளப் பராமரிப்பு. எனக்குத் தெலுங்கு சொல்லிக் கொடுத்த கேங் மேஸ்திரிதான் ஊர் நிலவரத்தையும் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு ஊரிலும் மூன்று பேர்: வரி வசூலுக்கு மாலி பட்டேல், கணக்குக்குப் பட்வாரி, சட்டம் ஒழுங்குக்குப் போலீஸ் பட்டேல். நிஜாம் காலத்து ஏற்பாடு. மூன்றும் பரம்பரைப் பதவி. தகப்பனுக்குப் பின் மகன். போலீஸ் பட்டேலுக்குக் காக்கிச் சட்டை கிடையாது. வேட்டி, தலைப்பாகை, கைத்தடி, அவ்வளவுதான். திருட்டோ, சந்தேக மரணமோ, முன்பின் தெரியாத ஆள் நடமாட்டமோ, ஸ்டேஷனுக்குத் தகவல் போக வேண்டியது அவர் மூலமாக.

நம்மவர்களுக்கு இது புதிதல்ல. நம் ஊர் கிராம முன்சீப் செய்த வேலைதான். சென்னை ராஜதானியில் 1816-லேயே கிராமத் தலைவர்களுக்குப் போலீஸ் பொறுப்பைச் சட்டமாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தஞ்சை ஜில்லாவில் என் பெரியப்பாவும் முன்சீப்தான். வரியும் அவரே, போலீசும் அவரே.

1981 மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, ரயிலில் அடிபட்ட ஒருவரின் உடல் எங்கள் பகுதியில் கிடந்தது. கேங்மேன் ஓடிப்போய்ச் சொன்ன அரை மணியில் பட்டேல் குடையோடு வந்துவிட்டார். இறந்தவர் எந்த ஊர், யார் மகன் என்று லாந்தர் வெளிச்சத்தில் முகம் பார்த்தே சொன்னார். போலீஸ் வரும்வரை, பொழுது விடிகிற மட்டும், அந்த மழையிலே உட்கார்ந்திருந்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

ஆனால் தகவல் சொல்லப் போன கேங்மேன் அவர் வீட்டுத் திண்ணையில் ஏறவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றுதான் கூப்பிட்டான். அவன் தகப்பன் அந்த வீட்டுக்குக் கூலியில்லாமல் வெட்டிச் சாகிரி செய்தவன். 1946-ல் தொடங்கிய தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் தேஷ்முக்குகளோடு பட்டேல், பட்வாரிகள் மீதும் ஏன் அவ்வளவு கோபம் பாய்ந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. புகார் கொடுக்க வேண்டியதே பட்டேல் மேல் என்றால், அதை யாரிடம் போய்ச் சொல்வது?

பிறப்பினால் மட்டுமே இப்பதவி வருவது அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1960-லேயே சொல்லிவிட்டது. தெனாலி தாலுகாவில் ஒரு முன்சீப் பதவி பற்றிய வழக்கு அது. இருந்தும் ஊர்களில் பழைய குடும்பங்களே நீடித்தன. நவம்பர் 1980-ல் எம்.ஜி.ஆர். அவசரச் சட்டம் போட்டு முன்சீப், கர்ணம் பதவிகளை ஒரே வீச்சில் நீக்கினார். பெரியப்பா கணக்குப் புத்தகங்களைத் துணியில் கட்டி ஒப்படைத்துவிட்டு, இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம். ஜனவரி 1984-ல் என்.டி.ராமாராவும் ஆந்திராவில் அதையே செய்தார். அடுத்த ஆண்டு சட்டமே வந்தது.

மறுவாரம் எங்கள் கேங்மேன் செருப்புக் காலோடு பட்டேல் வீட்டைக் கடந்து போனான். போய்விட்டு, திரும்பவும் ஒரு தடவை போனான்! மேஸ்திரி சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் அடுத்த முறை தண்டவாளத்தில் ஓர் உடல் கிடந்தபோது ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. வருவதற்குப் பட்டேல் இல்லை. எங்கள் ஆட்கள் இருவர் மறுநாள் மத்தியானம்வரை பட்டினியாகக் காவல் இருந்தார்கள். இறந்தவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. வரி, நிலக் கணக்கைப் பார்க்கப் புதுப்புது பெயரில் அதிகாரிகள் வந்தார்கள், தெலங்கானாவில் வி.ஆர்.ஓ. பதவியை 2020-ல் அதையும் எடுத்தார்கள்.

பழைய ஹைதராபாத் ராஜ்யம் 1956-ல் மூன்றாகப் பிரிந்ததல்லவா? பீதர், குல்பர்கா கர்நாடகத்துக்குப் போயின. அங்கே 1961 சட்டத்தால் பரம்பரைப் பதவிகள் ஒழிந்தன. நாந்தேட் பக்கம் மகாராஷ்டிரத்துக்குப் போயிற்று. அவர்கள் பரம்பரையை ஒழித்தார்கள், பதவியை ஒழிக்கவில்லை. 1967-ல் கிராமப் போலீஸ் சட்டம் கொண்டுவந்து, 'போலீஸ் பாட்டீலை' அரசே நியமிக்கும்படி செய்துவிட்டார்கள். பெண்களும் இப்பதவியில் இருக்கிறார்கள்.

ஓய்வுக்கு முன் நாந்தேட் பக்கம் ஒரு லெவல் கிராசிங் தகராறுக்குப் போனேன். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய பையனுக்கு முப்பது வயதிருக்கும். போலீஸ் பாட்டீல் என்றான். தாத்தாவும் பாட்டீலா என்று கேட்டேன். இல்லை, அவர் ஊர்க்காவலாளி, நான் பரீட்சை எழுதி வந்தேன் என்றான். எங்கள் கேட்மேன் அவனுக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டான். இருவரும் அருகருகே உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டார்கள்.