காய்ச்சல் தணிந்தால் நோய் தணிந்ததா?

குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம், சுடுகிறது. உடனே துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து உடலைத் துடைக்கிறோம். குழந்தை நடுங்குகிறது, காய்ச்சலோ இறங்குவதில்லை. ஏன்?

கணக்குப்படி அது இறங்கவேண்டும். 10 கிலோ எடையுள்ள குழந்தையின் வெப்பநிலையில் 1 டிகிரி செல்சியஸ் குறைய, சுமார் 8,300 கலோரி வெப்பம் வெளியேற வேண்டும். தோலின்மேல் 1 கிராம் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரியை எடுத்துச் செல்கிறது. ஆகவே, உடல் புதிதாக வெப்பத்தை உண்டாக்காதிருந்தால், 15 கிராம் நீர், அதாவது மூன்று தேக்கரண்டி நீர், ஆவியானாலே போதும். ஆனால், குழந்தையின் உடல் மேசைமேல் வைத்த வெந்நீர்ப் பாத்திரம் அன்று. தன் வெப்பநிலையைத் தானே காத்துக்கொள்வது அது.

இந்தக் காவலைச் செய்வது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதாலமஸ். இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட்டுக்கு அதனை ஒப்பிடலாம். சாதாரணமாக அதன் குமிழ் 37 டிகிரியை ஒட்டி நிற்கிறது. கிருமிகள் நுழைந்ததும் வெள்ளணுக்கள் சில வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் மூளையில் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உண்டாகி, குமிழை 39 டிகிரிக்குத் திருகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 38 டிகிரியில் உள்ள உடலும் தனக்குக் குளிர்வதாகவே உணரும். தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். தசைகள் நடுங்கி வெப்பம் தரும். ஈரத்துணி எடுத்துச் சென்றதை நடுக்கம் ஈடுசெய்துவிடும். எனவே குளிர்நீரும் பனிக்கட்டியும் வேண்டாம்.

பாரசிட்டமால் புராஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுத்து, குமிழையே கீழே இறக்குகிறது. உடல் வியர்த்து வெப்பத்தை விடுகிறது. குழந்தையின் எடைக்கேற்ப, மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் இதனைக் கொடுக்கவேண்டும். ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது.

ஆனால், மருந்து குமிழைத் தொட்டதே தவிர, கிருமியைத் தொடவில்லை என்பதை மறக்கக்கூடாது. காய்ச்சலுக்குக் காரணம் சாதாரண வைரஸாக இருக்கலாம். மலேரியா, டைபாய்டு, நிமோனியா, சிறுநீர்த் தொற்று ஆகியவையாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது.

டெங்குவில் நாம் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. பொதுவாக 3 முதல் 7 நாள்களுக்குள் காய்ச்சல் இறங்குகிறது. வீட்டார் நிம்மதி அடைகின்றனர். அந்த வேளையில்தான் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து, இரத்த அழுத்தம் வீழ்கிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

மூச்சு வேகமாக வாங்கினாலும், கழுத்து விறைத்தாலும், குழந்தை பால், நீர் குடிக்க மறுத்தாலும் தாமதம் கூடாது. மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி (100.4 டிகிரி ஃபாரன்ஹீட்) காய்ச்சலே போதிய எச்சரிக்கை. வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ நீரோ வைக்காதீர்கள். வலிப்பு 5 நிமிடத்திற்குள் நிற்காவிட்டால் அது பெரும் ஆபத்து. நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றபடி, மெல்லிய உடை, காற்றோட்டம், அடிக்கடி கஞ்சி, நீர் அல்லது தாய்ப்பால் இவையே வீட்டு வைத்தியம். தெர்மாமீட்டரைப் பாருங்கள், அதைவிடக் கவனமாகக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள்.