'மே'யா? 'ஷல்'லா?

ராஜபாளையம் பக்கத்தில் தேவதானம். "நீ வயலுக்குப் போகலாம்" என்று அங்கே ஓர் அப்பா சொன்னால், பையன் பந்து விளையாடப் போய்விடுவான். "போகவேண்டும்" என்றால் மண்வெட்டியைத் தேடுவான்!

இங்கிலீஷில் முதல் சொல் 'மே'. அடுத்தது 'ஷல்'. இந்த இரண்டுக்காக டெல்லி பார்லிமெண்டில் பெரிய சண்டையே நடந்தது.

1963-ல் ஆட்சிமொழி மசோதா வந்தது. 1965 ஜனவரி 26-க்குப் பிறகும் இந்தியோடு இங்கிலீஷ் 'தொடரலாம்' என்று அதில் இருந்தது. அதாவது 'மே'.

தொடரலாம் என்றால் தொடராமலும் போகலாமே! மேல்-சபையில் அண்ணாவின் வாதம் இதுதான். 'ஷல்' வேண்டும் என்றார். இங்கே 'மே' என்றாலும் 'ஷல்' என்றுதான் அர்த்தம் என்றார், பிரதமர் நேரு. அர்த்தம் ஒன்றுதான் என்றால் சொல்லை மாற்றுவதில் என்ன கஷ்டம்? ஆனால் மாற்றவில்லை.

இங்கிலீஷ் நின்றுபோனால், இந்தி படிக்காத தேவதானத்துப் பையனுக்கு மத்திய சர்க்கார் உத்தியோகம் ஏது? அந்தப் பயம்தான் 1965-ல் மாணவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. பல உயிர்கள் போயின.

பிறகு 1967-ம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வந்தது. பழைய 'மே' அப்படியே இருந்தது. இந்தியை ஏற்காத ராஜ்யங்களோடு மத்திய சர்க்கார் இங்கிலீஷில்தான் எழுதவேண்டும் என்று, அதன் கீழே 'ஷல்' ஏறியது.

நேரு 1964-லேயே காலமாகிவிட்டார். அண்ணா அப்போது முதல்-மந்திரி.