அம்மா தூக்கிப் போட்ட அட்டைகள்

அமெரிக்காவில் எழுபது வயதைத் தாண்டிய ஆண்களிடம், “சிறுவயதில் நீங்கள் சேர்த்த பேஸ்பால் அட்டைகள் எங்கே?” என்று கேட்டால், பலரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். “அம்மா தூக்கிப் போட்டுவிட்டார்!”

சொல்லும்போது சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் கலந்திருக்கும். மகன் இராணுவத்துக்குப் போயிருப்பான். அல்லது வெளியூரில் கல்லூரியில் சேர்ந்திருப்பான். அந்த நேரம் பார்த்து அறையை ஒழித்த தாய், கட்டிலுக்கடியில் கிடந்த சப்பாத்துப் பெட்டியைத் திறந்திருப்பார். உள்ளே இரப்பர் வளையம் போட்டுக் கட்டிய அழுக்கு அட்டைகள். இந்தக் குப்பை இனி யாருக்கு? பெட்டி குப்பைத் தொட்டிக்குப் போனது. பின்னாளில் அதே அட்டைகள் ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோவதைச் செய்தித்தாளில் படித்த மகன்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

அந்தத் தாய்மார்கள் மேல் விழும் பழி நியாயமானதுதானா? அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

சிகரெட் பெட்டியிலிருந்து வந்தவை

நம் பிள்ளைகளுக்குக் காற்பந்து எப்படியோ, அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் பேஸ்பால். உருட்டுக்கட்டை போன்ற மட்டையால் பந்தை அடித்துவிட்டு, நான்கு தளங்களையும் சுற்றி ஓடி வரும் ஆட்டம் அது. அதன் வீரர்களின் படம் போட்ட அட்டைகள் 1880களிலேயே சிகரெட் பெட்டிகளுக்குள் வரத் தொடங்கிவிட்டன. மெல்லிய காகிதப் பெட்டி நசுங்கிச் சிகரெட் முறிந்துவிடாமல் இருக்க உள்ளே ஓர் அட்டையைச் செருகினார்கள். வெறும் அட்டைக்குப் பதிலாகப் படம் போட்டால் விற்பனையும் கூடும் அல்லவா? புகைப்பது அப்பா, படத்துக்காகக் காத்திருப்பது பிள்ளை.

1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி வெளியிட்ட வரிசையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட அட்டைகள் இருந்தன. அவற்றுள் பிட்ஸ்பர்க் குழுவின் ஹோனஸ் வாக்னர் படம் மட்டும் சீக்கிரமே நிறுத்தப்பட்டது. சிறுவர்கள் தம் படத்துக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பார்கள் சிலர். பணம் பேசி முடியவில்லை என்பார்கள் வேறு சிலர். (வாக்னருக்கே புகையிலை மெல்லும் பழக்கம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) இன்று உலகில் இருப்பதாக அறியப்பட்டவை ஏறத்தாழ அறுபது. அவற்றுள் ஒன்று 2022இல் 72 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது.

106ஆம் எண் எங்கே?

முப்பதுகளில் சிகரெட்டின் இடத்தை மெல்லும் மிட்டாய் பிடித்தது. இனி பிள்ளையே வாங்கலாம். பாஸ்டன் நகரத்துக் கௌடி கம்பெனி 1933இல் 240 எண் கொண்ட ஒரு வரிசையை வெளியிட்டது. ஒரு காசு கொடுத்தால் ஒரு சூயிங்கம், ஓர் அட்டை. அது பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டி எடுத்த காலம். வேலையில்லாத தகப்பனிடம் ஒரு காசு கேட்டு வாங்குவதும் சிறு காரியமில்லை.

அட்டைகளுக்கு எண் போட்டதில்தான் கம்பெனியின் சாமர்த்தியம் இருக்கிறது. எண் இல்லாத படம் வெறும் படம். எண் வந்துவிட்டால், இல்லாத எண் உறுத்த ஆரம்பித்துவிடும். 104 இருக்கிறது, 105 இருக்கிறது, 107 இருக்கிறது, 106 எங்கே? பையன்கள் தேடினார்கள், காசைச் சேர்த்து இன்னும் இன்னும் வாங்கினார்கள். 106 யாருக்குமே கிடைக்கவில்லை. கிடைக்காததற்குக் காரணம் எளிது: கம்பெனி அந்த அட்டையை அவ்வாண்டு வெளியிடவே இல்லை!

விடாமல் கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும் 1934இல் 106ஐ அச்சிட்டுத் தபாலில் அனுப்பினார்கள். அதில் இருந்தது நெப்போலியன் லாஜவே; 1916ஆம் ஆண்டோடு ஆட்டத்தை விட்டவர். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, அவருடைய ஆட்டத்தையே பார்த்திராத பிள்ளைகள் அவர் முகத்துக்காகத் தபால்காரரை எதிர்பார்த்து நின்றார்கள். எனக்கென்னவோ, பிள்ளைகளின் ஒரு காசு, இரண்டு காசுகளை வைத்து நடந்த அந்த விளையாட்டை வியாபாரத் தந்திரம் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போக மனம் வரவில்லை.

சமையலறை மேசையில் பிறந்தவை

நாம் மேலே பார்த்த எழுபது வயதுக்காரர்கள் பேசுவதெல்லாம் பெரும்பாலும் புரூக்ளினில் இருந்த டாப்ஸ் கம்பெனியின் அட்டைகளைப் பற்றித்தான். அங்கே வேலை பார்த்த சை பெர்கர் என்பவர், உடன் பணியாற்றிய வூடி கெல்மனுடன் சேர்ந்து, தம் வீட்டுச் சமையலறை மேசையில் கத்தரியும் அட்டையுமாக உட்கார்ந்து 1952ஆம் ஆண்டு வரிசையை உருவாக்கினார். முன்பக்கம் வண்ணப்படம், குழுவின் சின்னம், வீரரின் கையொப்பம். பின்பக்கம் பிறந்த ஊர், உயரம், எடை, அவர் எடுத்த ஓட்டங்களின் கணக்கு. பள்ளிக்கூடத்தில் தசமபின்னம் ஏறாத பையன்களுக்கு அட்டையின் பின்பக்கத்தில் அது தானாக ஏறியது.

மொத்தம் 407 அட்டைகள். ஐந்து காசுப் பொட்டலத்தைப் பிரித்தால் மெழுகுத்தாளுக்குள் சில அட்டைகளும், சர்க்கரைத்தூள் படிந்த இளஞ்சிவப்பு பபுள்கம் தகடு ஒன்றும் இருக்கும். அந்த வாசனையை இன்றும் பலர் மறக்கவில்லை. வாசனைதான் நன்றாக இருக்குமே தவிர, கம் சுவர்ச் சுண்ணாம்பு போல முறியும். தொட்டுக்கொண்டிருந்த அட்டையில் கறையும் படியும்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். 311ஆம் எண் நியூயார்க் யாங்கீஸ் குழுவின் இளம் வீரர் மிக்கி மாண்டில். அடுத்த 312, ஜாக்கி ராபின்சன்; 1947இல் நிறத்தடையை உடைத்துப் பெரிய லீக்கில் நுழைந்த கறுப்பின வீரர். தென் மாநிலங்களில் பள்ளிக்கூடங்களே நிறத்தால் பிரிந்து கிடந்த காலம் அது. ஐந்து காசுப் பொட்டலத்துக்குள் மட்டும் இருவரும் ஒட்டிக்கொண்டு வந்தார்கள்.

அட்டைகள் ஒரேயடியாக வரவில்லை. பகுதி பகுதியாக வந்தன. 311 முதல் 407 வரையுள்ள கடைசிப் பகுதி கடைக்கு வந்தபோது ஆட்டப் பருவம் முடியும் தறுவாயில் இருந்தது. பள்ளி திறந்துவிட்டது, பிள்ளைகளின் கவனம் வேறு பக்கம் போய்விட்டது. கடைக்காரர்கள் வாங்க மறுத்தார்கள். பெட்டி பெட்டியாகக் கிடங்கில் தேங்கின. சந்தைக்காரர்களிடம் மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்துப் பார்த்தார் பெர்கர், அங்கும் போகவில்லை. கடைசியில் 1960இல் இடம் காலியாக வேண்டுமென்று, மிச்சமிருந்தவற்றைக் குப்பை லாரிகளில் ஏற்றி, படகில் கொண்டுபோய், நியூ ஜெர்சிக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் கொட்டச் செய்தார். பிற்காலத்தில் அவரே சொன்ன கதை இது.

ஆக, அட்டையை உருவாக்கிய மனிதரே அதைக் கடலில் கொட்டியிருக்கிறார். கட்டிலுக்கடியைக் கூட்டிய தாயை மட்டும் குறை சொல்வானேன்?

சைக்கிள் சக்கரமும் சுவரோரமும்

பிள்ளைகளும் அவற்றைப் பூப்போல வைத்திருக்கவில்லை. துணி மாட்டும் கிளிப்பால் சைக்கிள் சக்கரத்தில் அட்டையை மாட்டினால், கம்பிகளில் உரசி மோட்டார் சைக்கிள் போலப் படபடக்கும். பிடிக்காத குழுவின் வீரர்களுக்கு அந்தக் கதி. சுவரோரமாக வீசி, யாருடையது சுவருக்கு அருகில் விழுகிறதோ அவனுக்கே எல்லாம் என்று பந்தயம் கட்டுவார்கள். சுண்டிவிட்டுத் தலையா பூவா பார்ப்பார்கள். இரண்டு கிடைத்ததைக் கொடுத்து இல்லாததை வாங்குவார்கள். ஒரு மாண்டிலுக்கு எத்தனை சாதாரண வீரர்கள் என்ற பேரம் பள்ளி மணி அடித்த பிறகும் முடியாது. தோட்டத்தில் ரப்பர் கொட்டைக்கும் தீப்பெட்டிப் படத்துக்கும் மல்லுக்கு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எந்தெந்த எண் கிடைத்தது என்று குறித்துக்கொள்ளப் பட்டியல் அட்டைகளையும் பின்னர் கம்பெனி வெளியிட்டது. பையன்கள் பென்சிலால் அடையாளம் போட்டுக்கொண்டே வந்தார்கள். இன்று அந்தப் பட்டியல் அட்டைக்கு நல்ல விலை வேண்டுமானால் அதில் ஒரு கோடும் இருக்கக் கூடாது. மூலை மழுங்கியிருந்தால் விலை இறங்கும். கறை இருந்தால் இன்னும் இறங்கும். ஆசையோடு கையில் வைத்து விளையாடிய பையனின் அட்டைக்கு மதிப்பில்லை; பிரித்துப் பார்க்காத அட்டைக்கே மதிப்பு! தாய் எறியாமல் இருந்திருந்தாலும், அந்த மகன்களில் பலருக்குப் பெரிய பணம் எதுவும் கிடைத்திருக்காது என்பதே உண்மை.

தேடத் தொடங்கியவர்கள்

ஐம்பதுகளின் பையன்கள் எழுபதுகளில் தகப்பன்மார்களானார்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தது; தொலைந்துபோன பெட்டியின் ஞாபகமும் வந்தது. 1973இல் பிரெண்டன் பாய்ட், பிரெட் ஹாரிஸ் என்ற இருவர் அந்தக் கால அட்டைகளைப் பற்றி எழுதிய புத்தகம் பலருக்குப் பழைய ஞாபகத்தைக் கிளறிவிட்டது. பெரிய நட்சத்திரங்களை மட்டுமல்ல, யாருக்கும் பெயர் நினைவில்லாத சாதாரண ஆட்டக்காரர்களையும் அவர்கள் எடுத்துப் பேசியிருந்தார்கள். பொட்டலம் பிரித்தால் வழக்கமாகக் கையில் சிக்கியவர்கள் அவர்கள்தாமே!

அட்டைச் சந்தைகள் கூடின. ஒரு முழு வரிசையைச் சேர்த்து முடிக்க, ஒரேயோர் அட்டைக்காக நூறு மைல் காரோட்டி வந்தவர்கள் உண்டு. 1979இல் ஜேம்ஸ் பெக்கட் என்ற புள்ளியியல் பேராசிரியர், டென்னிஸ் எக்கஸுடன் சேர்ந்து விலைப்பட்டியல் நூல் ஒன்றை வெளியிட்டார். அதன் பிறகு பேச்சே மாறிவிட்டது. “உன்னிடம் யார் இருக்கிறார்?” என்ற கேள்வி போய், “அது எவ்வளவு பெறும்?” என்ற கேள்வி வந்தது.

1980இல் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்றால் டாப்ஸின் ஏகபோகம் தளர்ந்தது. 1981இல் பிளீயர், டான்ரஸ் கம்பெனிகளும் களத்தில் இறங்கின. 1989இல் அப்பர் டெக் வந்தது. இப்போது அட்டைகளை வாங்கியவர்களில் பெரியவர்களும் ஏராளம். மகனின் கல்லூரிச் செலவுக்கு ஆகுமென்று பெட்டி பெட்டியாக வாங்கி, உறை பிரிக்காமல் பத்திரப்படுத்தினார்கள். இம்முறை எந்தத் தாயும் எதையும் தூக்கிப் போடவில்லை. கம்பெனிகளும் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளின. (1992இல் சிங்கப்பூரில் சூயிங்கம் விற்பனைக்குத் தடை வந்தது நினைவிருக்கும். அதே ஆண்டில்தான் டாப்ஸும் தன் பொட்டலத்திலிருந்து கம்மை எடுத்துவிட்டது. கம் கறை விலையைக் குறைக்கிறது என்பது வாங்குவோர் குறை!)

1994இல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் இறுதிச் சுற்றே நடக்காமல் போனது. அட்டை வியாபாரமும் படுத்தது. பத்திரப்படுத்திய அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை இன்றும் வாங்கிய விலைக்குப் போவதில்லை. எல்லோரும் வைத்திருந்தார்கள், ஆகவே எவருக்கும் தேவைப்படவில்லை. 1952இன் மாண்டில் அட்டையோ, 1991இல் ஒருவர் 50,000 டாலர் கொடுத்து வாங்கியது, 2022 ஆகஸ்டில் ஒரு கோடியே 26 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதுவரை எந்த விளையாட்டு நினைவுப் பொருளும் அந்த விலையைத் தொட்டதில்லை. அந்த விலையில் ஒரு பங்கு பெர்கரின் படகுக்குச் சேரும். இன்னொரு பங்கு பெயர் தெரியாத இலட்சக்கணக்கான தாய்மார்களின் துடைப்பத்துக்குச் சேரும்.

விலை பேசாத ஒருவர்

இத்தனை டாலர் கணக்குக்கு நடுவே ஜெபர்சன் பர்டிக்கை விட்டுவிட முடியாது. 1900இல் பிறந்த அவர், நியூயார்க் மாநிலத்துச் சிராக்கியூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் பாகங்களைப் பூட்டும் தொழிலாளி. மணம் செய்துகொள்ளவில்லை. மூட்டுவாதம் அவரைப் படுத்திவைத்தது. கிடைத்த சம்பளத்தில் அட்டைகளைச் சேர்த்தார். பேஸ்பால் மட்டுமல்ல, வாழ்த்து அட்டை, விளம்பர அட்டை, அஞ்சல் அட்டை என எல்லாவற்றையும். இவற்றுக்கெல்லாம் முதன்முதலாக ஒழுங்கான அட்டவணை போட்டு 1939இல் வெளியிட்டவரும் அவரே. வாக்னர் இருக்கும் அந்தப் புகையிலை வரிசையை இன்றும் எல்லோரும் ‘டி206’ என்பது அவர் இட்ட பெயர்தான்.

1947 முதல் தம் சேகரிப்பை நியூயார்க் மெட்ரோபோலிட்டன் அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார். பிறகு அந்நகருக்கே குடிபெயர்ந்து, நாள்தோறும் அருங்காட்சியகத்தின் ஒரு மேசையில் உட்கார்ந்து, விரல்கள் ஒத்துழைக்காத நிலையிலும் ஒவ்வொன்றாக ஆல்பத்தில் ஒட்டினார். ஆம், பசை தடவித்தான் ஒட்டினார்! இக்கால அட்டை வியாபாரி கண்டால் மயங்கி விழுந்துவிடுவார். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவை. அவற்றில் பேஸ்பால் அட்டைகள் மட்டும் 30,000க்கு மேல். வாக்னரும் அங்கே இருக்கிறார்.

1963 ஜனவரி 10ஆம் நாள் கடைசி அட்டையை ஒட்டி முடித்தார். மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். மார்ச் மாதம் காலமானார். அவர் விட்டுச்சென்ற பேஸ்பால் அட்டைகளில் சிலவற்றை அவ்வப்போது மாற்றி மாற்றிப் பார்வைக்கு வைப்பது அங்கே வழக்கம். நியூயார்க்கில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வாசகர்கள் அங்கே போனால், ஒரு நடை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.