சீட்டைக் கழற்றினால் எரியும் ஏர்பேக் விளக்கு... அலட்சியம் வேண்டாம்!

தீவன மூட்டை, காய்கறிக் கூடை ஏற்றுவதற்காகக் காரின் முன்சீட்டைக் கழற்றுபவர்கள் உண்டு. அதன்பிறகு டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரியும். ‘வண்டிதான் ஓடுகிறதே’ என்று விட்டுவிடுவது ஆபத்து. விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியாமலே போகலாம்.

பக்கவாட்டு ஏர்பேக், சீட் பெல்ட்டை இறுக்கும் கருவி, ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் சென்சார் போன்றவற்றின் ஒயர்கள் சீட்டுக்கு அடியில்தான் செல்கின்றன. இவற்றின் கனெக்டர் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அதைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால், கோளாறு பதிவாகிவிடும். மறுபடி மாட்டினாலும் பல வண்டிகளில் விளக்கு தானாக அணையாது. ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்பில்தான் அதை அழிக்க முடியும்.

சீட்டைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால், முதலில் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம்வரை காத்திருந்த பிறகே கனெக்டரைத் தொட வேண்டும். திரும்ப மாட்டிய பிறகுதான் பேட்டரியை இணைக்க வேண்டும். ஏர்பேக் ஒயரில் டெஸ்ட் லாம்ப், மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கவே கூடாது. ஏர்பேக் திடீரென விரிந்து காயப்படுத்திவிடும்.

சீட்டின் ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்று எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தை மூடும் கவரும் கூடாது.

பழைய கார் வாங்குபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், பழுதை மறைக்க விளக்கைத் துண்டித்திருக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் காட்டிய பிறகு விலை பேசுவதே நல்லது.

மூட்டை ஏற்றப் பின்சீட்டை மடித்தாலே போதும். முன்சீட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.