வைப்பின் தீவு மறக்காத ஓணம்

தோப்பும்படி (கொச்சி): தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி ஃபோர்ட் கொச்சிக் கரைக்குச் சென்றால், அழிமுகத்துக்கு அப்பால் தெரிவது வைப்பின் தீவு. 1982 ஓணத்தின்போது அத்தீவின் சாராயக் கடைகளில் குடித்தவர்களில் 70-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலர் பார்வையை இழந்தனர்.

சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி, பார்வை நரம்பைச் சிதைக்கும் நஞ்சு அது. குடித்தவருக்கு முதலில் போதை மட்டுமே தெரியும்; பல மணி நேரம் சென்ற பிறகே கண் மங்கும். எர்ணாகுளத்துடன் தீவை இணைக்கும் கோஸ்ரீ பாலங்கள் 2004-இல்தான் வந்தன. அன்று படகே கதி.

மாண்டவர்கள் காட்டில் காய்ச்சியதைத் தேடிப் போகவில்லை. அரசு உரிமம் பெற்ற கடைகளில் காசு கொடுத்து வாங்கினார்கள். "குடிகாரன் செத்தான்" என்று ஊர் சொல்லும் ஒற்றைச் சொல்லில் இந்த உண்மை புதைந்துவிடுகிறது. அந்தக் குடும்பங்கள் வாய்விட்டு அழவும் கூசுகின்றன.

இந்தத் துயரத்துக்குப் பின்னர், 1984-இல், கேரள ஆப்காரி சட்டத்தில் 57-ஏ, 57-பி பிரிவுகள் சேர்க்கப்பட்டன. கலப்படத்தால் உயிர் போனால் மரண தண்டனை வரை விதிக்கலாம். தான் குற்றமற்றவர் என்று நிரூபிப்பது குற்றம்சாட்டப்பட்டவரின் பொறுப்பு. அவரே இழப்பீடு தரவும் உத்தரவிடலாம். இப்பிரிவுகளை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், அவை செல்லும் என 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1996-இல் ஏ.கே. அந்தோணி அரசு சாராயத்தையே தடை செய்தது. ஆயினும் 2000-இல் கல்லுவாதுக்கலில் 30-க்கும் மேற்பட்டோர் விஷச் சாராயத்துக்குப் பலியாயினர்.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, குடும்பத்துக்கு ரூ. 10 லட்சம் அறிவித்தது தமிழக அரசு. விற்றவரின் பணம் அல்ல அது, கருவூலப் பணம்.