செக் பண்ணியாச்சா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



நம் வளாகத்தில் ஒரு நாளைக்கு அதிகத் தடவை காதில் விழும் ஆங்கில வினைச்சொல் எது என்று போட்டி வைத்தால், 'செக்' என்ற சொல்லுக்குத்தான் முதல் பரிசு கிடைக்கும். "கனெக்‌ஷனை செக் பண்ணு", "ஹால் டிக்கெட்டை செக் பண்ணு", "பெட்ரோல் இருக்கான்னு செக் பண்ணு", "மெசேஜ் வந்திருக்கா, செக் பண்ணு"... மீட்டர் வைத்து அளந்தாலும் செக், எட்ட நின்று ஒரு பார்வை பார்த்தாலும் செக்!

இங்கேதான் சிக்கல். "செக் பண்ணியாச்சு சார்" என்றால் ஏதோ செய்தோம் என்று தெரிகிறது. என்ன செய்தோம் என்று தெரிவதில்லை. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அக்கம்பக்கமாக நாலைந்து சொற்கள் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே பொருள்தான். ஒர்க்‌ஷாப்பிலும் லேபிலும் ஒவ்வொன்றும் வேறு வேறு வேலை. அவற்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமா?

அரசனுக்கு ஆபத்து!

செக் என்பது சதுரங்கப் பலகையிலிருந்து இறங்கி வந்த சொல். பாரசீக மொழியில் 'ஷா' என்றால் அரசன். எதிராளியின் அரசனைத் தாக்கும்போது "ஷா!" என்று எச்சரிப்பார்கள். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'செக்' ஆனது. அரசனுக்கு ஆபத்து என்றதும் மற்ற திட்டங்களை எல்லாம் நிறுத்திவிட்டு அதைத்தானே முதலில் கவனிக்க வேண்டும்? அதனால் அந்தச் சொல்லுக்கு முதலில் 'தடுத்து நிறுத்து' என்ற பொருள் வந்தது. 'சரி பார்' என்ற பொருள் அதற்குப் பின்னால் வந்தது.

பழைய பொருள் இன்னும் நம் பாடப் புத்தகத்தில் உயிரோடு இருக்கிறது. சிவில் நண்பர்கள் படிக்கும் செக் டேம் எதையும் சரி பார்ப்பதில்லை. ஓடும் தண்ணீரைத் தடுக்கிறது. அதனால்தான் தமிழில் அது தடுப்பணை. செக் வால்வு தண்ணீரைத் திரும்பி வரவிடாமல் தடுக்கிறது. செக் நட் இன்னொரு நட்டைக் கழன்று போகாமல் பிடித்து வைக்கிறது. கட்டம் போட்ட சட்டைக்குச் செக் சட்டை என்று பெயர் வந்ததும் அதே சதுரங்கக் கட்டத்தால்தான்.

ஆகவே செக் என்றால் 'நின்று பார்'. ஒரு நொடி நின்று, சரியாக இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது. சின்ன வேலை, வேகமான வேலை. கதவு பூட்டியிருக்கிறதா, சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கிறதா, இதற்கெல்லாம் செக் போதும்.

பங்காளிச் சொற்கள்

இன்ஸ்பெக்ட்: லத்தீன் மூலத்தில் 'உள்ளே பார்' என்று பொருள். டிராயிங்கையோ விதிமுறையையோ கையில் வைத்துக்கொண்டு, பொருளை அதனோடு ஒப்பிட்டு, ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு சொல்வது. கோ, நோ-கோ காஜ் இதற்கு நல்ல உதாரணம். ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. அவ்வளவுதான்.

மெஷர்: அளப்பது. இதற்கு எண் வேண்டும், அலகும் வேண்டும். மேலே சொன்ன காஜ், துளை சரியா தப்பா என்று சொல்லும். துளை எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லாது. 0.02 மி.மீ. வரை படிக்கும் வெர்னியர் அதைச் சொல்லும். எண் இல்லாமல் "மெஷர் பண்ணிட்டேன்" என்று யாரும் சொல்ல முடியாது.

டெஸ்ட்: இதன் மூலச் சொல்லுக்கு மண் கலம் என்று பொருள். பொன், வெள்ளியின் தரம் அறிய அந்தக் கலத்தில் போட்டு உருக்குவார்கள். நம் ஊர்ப் பொற்கொல்லரின் உரைகல்லுக்கு அது உறவு. ஆகவே டெஸ்ட் என்றால் பொருளை வேலை வாங்கிப் பார்ப்பது, கஷ்டப்படுத்திப் பார்ப்பது. 150 மி.மீ. கான்கிரீட் கனசதுரத்தை 28 நாள் கழித்து நசுக்குவது டெஸ்ட். மெகரில் 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷன் தாங்குகிறதா என்று பார்ப்பதும் டெஸ்ட்தான்.

எக்ஸாமின்: தராசின் நடு முள்ளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நிறுத்துப் பார்ப்பது. டாக்டர் நோயாளியை எக்ஸாமின் செய்கிறார். உடைந்த ஷாஃப்ட் ஏன் உடைந்தது என்று காரணம் தேடும்போதும் இதே சொல்தான். நம் பரீட்சைக்கும் இந்தப் பெயர்தான், முள் எந்தப் பக்கம் சாயும் என்பது நமக்குத்தான் தெரியும்!

வெரிஃபை: 'உண்மை' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ஏற்கெனவே சொல்லப்பட்ட ஒன்று மெய்தானா என்று வேறு ஆதாரத்தால் உறுதி செய்வது. லேப் மேனுவலில் 'ஓம் விதியை வெரிஃபை செய்க' என்று இருக்கும். விதி முன்னாலேயே இருக்கிறது, அதை நாம் மெய்ப்பிக்கிறோம். தெரியாத ரெசிஸ்டன்சைக் கண்டுபிடிக்கும் சோதனையில் வெரிஃபை என்று எழுதினால் தப்பு.

சொல் பிசகினால் என்ன?

"இதெல்லாம் இங்கிலீஷ் வாத்தியார் சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். 1990 ஏப்ரலில் அமெரிக்கா ஹபிள் தொலைநோக்கியை விண்ணில் ஏற்றியது. 2.4 மீட்டர் அகலமுள்ள அதன் கண்ணாடி மிக நுட்பமாகத் தேய்க்கப்பட்டது. ஆனால் வந்த படங்கள் மங்கல்! விசாரித்ததில் கண்ணாடியின் விளிம்பு இரண்டு மைக்ரானுக்குச் சற்று அதிகமாகத் தேய்ந்திருந்தது தெரிந்தது. கண்ணாடியைச் சோதித்த கருவியிலேயே ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. இடம் தவறிப் பொருத்தப்பட்டிருந்தது. வேறு கருவிகள் செய்த சோதனைகள் "ஏதோ தப்பு" என்று காட்டின. பெரிய கருவிதான் துல்லியம் என்று நம்பி, அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். டெஸ்ட் நடந்தது, வெரிஃபை நடக்கவில்லை. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் நேரில் போய்த் திருத்தும் கருவி பொருத்த வேண்டியதாயிற்று.

நம் அளவிலும் இதே கதைதான். லைனில் கரண்ட் இல்லை என்று டெஸ்டர் காட்டுகிறது. டெஸ்டரே பழுதாக இருந்தால்? அதனால்தான் நல்ல எலக்ட்ரீஷியன், கரண்ட் இருப்பது தெரிந்த இடத்தில் டெஸ்டரை முதலில் வைத்துப் பார்ப்பார். பிறகு வேலை செய்ய வேண்டிய லைனில் வைப்பார். மறுபடியும் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்ப்பார். நடுவில் செய்தது டெஸ்ட். முன்னும் பின்னும் செய்தது, டெஸ்டர் சொன்னதை வெரிஃபை செய்வது. அந்த இரண்டு நிமிஷத்தை மிச்சம் பிடித்தால் போவது உயிர்!

இன்டர்வியூவில் கைகொடுக்கும்

"மோட்டார் ஓடலை, என்ன செய்வே?" என்று கேட்டால், "செக் பண்ணுவேன் சார்" என்பது பதிலே இல்லை. சப்ளையை ஆஃப் செய்து டெர்மினல்களை இன்ஸ்பெக்ட் செய்வேன். வைண்டிங் ரெசிஸ்டன்சை மெஷர் செய்வேன். இன்சுலேஷனை மெகரால் டெஸ்ட் செய்வேன். சப்ளை வோல்டேஜ் நேம் பிளேட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று வெரிஃபை செய்வேன். இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஆங்கில இலக்கணம் கொஞ்சம் தடுக்கினாலும் பரவாயில்லை, வேலை தெரிந்த பையன், வேலை தெரிந்த பெண் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

நாளைக்கு நாம் சூப்பர்வைசர் ஆகி, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள். அந்தத் தாளில் இந்த வினைச்சொற்களில் ஒன்று நம் பெயருக்கு மேலே இருக்கும். எதைச் செய்தோமோ அந்தச் சொல்லையே எழுதுவோம். எழுதிய சொல்லுக்கு உரிய வேலையைச் செய்துவிட்டே கையெழுத்துப் போடுவோம்!