பழந்துணியும் பஞ்சாயத்தும்

பழைய வேட்டி நம் வீடுகளில் எளிதில் குப்பைக்குப் போனதில்லை. அது தொட்டிலாயிற்று, வடகம் காயவைக்கும் விரிப்பாயிற்று, இறுதியில் அடுப்படிக் கரித்துணியாகி மண்ணோடு மண்ணாயிற்று. பருத்தி மக்கும், பாலியெஸ்டர் எளிதில் மக்காது. வாய்க்காலில் எறியப்படும் அத்தகைய துணி மதகில் சிக்கி நீரோட்டத்தைத் தடுக்கிறது. கடைமடை வயலுக்கு அதனால் நட்டமே.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையைத் தாக்கியபின், வெளியூர்களிலிருந்து பழந்துணிகள் வந்து குவிந்தன. உடுத்தத் தகாதவை தெருவோரங்களில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1999-இல் டில்லியில் தொடங்கப்பெற்ற 'கூஞ்ச்' என்னும் தொண்டு நிறுவனம், தமிழ்நாட்டில் இவ்வாறு தேங்கிய துணிகளைத் தரம் பிரித்துப் பயன்படுத்தும் பணியை மேற்கொண்டது. பிரிக்காத துணி குப்பை. பிரித்த துணி பண்டம் என்பதே இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை.

அரியானா மாநிலத்துப் பானிப்பட்டில் பழங் கம்பளியாடைகளைப் பிய்த்து, மீண்டும் நூலாக்கிப் போர்வை நெய்கின்றனர். திருப்பூர்ப் பனியன் தொழிலில் மிஞ்சும் வெட்டுத் துணியும் மறுபடி நூலாகிறது. பல இழைகள் கலந்த துணியில் இவ்வேலை கடினம். ஆகவே வகை பிரித்தல் இன்றியமையாதது.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை:

1. மே 1 கிராம சபையில் இதுபற்றித் தீர்மானம் நிறைவேற்றுதல்.

2. தூய்மைக் காவலர் மூலம் துணியைத் தனியே, நனையாமல் சேகரித்தல்.

3. உடுத்தத்தக்கவற்றைத் துவைத்து, வேண்டுவோர்க்கு வழங்குதல். கிழிந்த பருத்தியைத் துடைதுணியாக இயந்திரப் பட்டறைகளுக்கு அளித்தல்.

4. செயற்கை இழைத் துணியை எரிக்காதிருத்தல். அதன் புகை தீங்கானது.

5. நீராடு துறைகளில் துணிக்கெனத் தொட்டி அமைத்தல்.

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்குள் மதகுகளைத் துப்புரவு செய்துவிட்டால், வரும் நீர் தடையின்றிக் கடைமடையை எட்டும்.